பால்வெட்டுக் கத்தியிலிருந்து விசைப்பலகைக்கு: கட்சால் தீவில் பயிற்சியின் வரலாறு

2017ஆம் ஆண்டில் ஒன்றிய அமைச்சரவை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முடிவுகளை எடுத்தது. பிப்ரவரியில், ஆறு கோடி ஊரகக் குடும்பங்களில் குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கட்டணமில்லாக் கணினி, இணையப் பயிற்சி அளிக்கும் பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டில், பல ஆண்டுகளாக நட்டத்தில் நடந்துவந்த அந்தமான் நிக்கோபார் தீவுகள் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதற்கும், அதன் பணியாளர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பதற்கும் ஒப்புதல் அளித்தது. முதல் செய்தியை நாடு முழுவதும் படித்தது. இரண்டாவது செய்தியைப் போர்ட் பிளேருக்கு வெளியே கவனித்தவர்கள் குறைவு. ஆனால் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியில் கிடக்கும் கட்சாலில் வாழும் தமிழர்களுக்கு இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. அவர்களுடைய பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அத்தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கைத்திறன். அத்திறனுக்குக் கூலி கொடுத்தது அக்கழகம். ஒரு திறனுக்கான நிறுவனம் மூடப்பட்ட அதே ஆண்டில் வேறொரு திறனுக்கான அழைப்பு வந்தது.

கட்சாலில் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பது தமிழ்நாட்டுக் கல்விப்புலத்திலேயே போதிய அளவு பேசப்படாத செய்தி. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிக்கும் என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பொருட்களைப் பங்கிடுவது போல மனிதர்களைப் பங்கிட்ட இக்கணக்கின் பெரும்பகுதி மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை பயிரிட டான்டீ உருவானது. கன்னியாகுமரியில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் இவர்களுக்கு வேலை கொடுத்தன. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களுக்கும் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. இந்த வரிசையின் கடைசிக் கண்ணி, வங்கக் கடலைக் கடந்து, கட்சால்.

அங்கே ரப்பர் மரம் மனிதர்களுக்கு முன்பே நடப்பட்டிருந்தது என்பது இக்கதையின் முதன்மையான உண்மை. 1960களில் நிக்கோபாரின் மழையும் வெப்பமும் ரப்பருக்கு ஏற்றவை என்று கருதி, ஆராய்ச்சியும் வளர்ச்சியும் இணைந்த ஒரு ரப்பர்த் தோட்டத் திட்டம் கட்சாலில் தொடங்கப்பட்டது. கன்று நட்டதிலிருந்து பால் வெட்டத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஏழாண்டு ஆகும். மரம் பருவமடைந்தபோது பால் வெட்டத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தலைமுறைகளாக ரப்பர் வெட்டியவர்களின் கைகள் அப்போது இந்திய அரசின் பொறுப்பில் இருந்தன. 1970களில் சில பத்துக் குடும்பங்கள் கட்சாலுக்கு அனுப்பப்பட்டன. 1977இல் உருவான கழகம் பின்னர் தோட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பால்வெட்டு எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் அது கூர்மையான திறன். பட்டையைச் சாய்வான கோட்டில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழம் குறைந்தால் பால் வராது. மில்லிமீட்டர் அளவு கூடினால் வளர்படலத்தில் காயம் பட்டு, அவ்விடத்தில் புதுப்பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும். விடியலுக்கு முன்போ விடிந்த உடனோ வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள்ளிருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும். மழை பெய்தால் அன்றைய வெட்டு இல்லை. சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, அமிலமிட்டு உறையவைத்து, தாளாக உருட்டி, புகைக்கூடத்தில் தொங்கவிட வேண்டும். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலுக்கும் தனி விலையுண்டு. இத்தனையையும் ஒரு தாய் தன் மகளுக்குத் தோட்டத்திலேயே கற்றுக்கொடுத்தாள். சான்றிதழ் ஏதும் தரப்படவில்லை. வெட்டப்பட்ட பட்டையைப் பார்த்தே கங்காணி சொல்லிவிடுவார் வெட்டியவர் யாரென்று.

இப்பயிற்சியை மெச்சிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அத்திறன் அவர்களைக் காப்பாற்றியது போலவே கட்டியும் போட்டது. நிக்கோபார் தீவுகள், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வெளியிலிருந்து வந்தோர் நிர்வாகத்தின் அனுமதியின்றி நிலம் பெற முடியாது. அந்த விதி நியாயமானது. நிக்கோபாரி மக்களின் தென்னந்தோப்பும் காடும் இன்றுவரை அவர்கள் கையில் எஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம். ஆயினும் அதன் உடன்விளைவு ஒன்றுண்டு: கட்சால் தமிழருக்குத் தோட்டத்து வேலையைத் தவிரத் தீவில் வேறு வேர் இல்லை. இலங்கைத் தோட்டத்தின் லயனில் எவ்வாறு வீடும் வேலையும் ஒரே முதலாளியிடம் இருந்தனவோ, அதே அமைப்பு கடல் கடந்தும் தொடர்ந்தது. வேலை போனால் குடியிருப்பின் பொருளும் போய்விடும்.

2004 டிசம்பர் 26 காலை 6.28க்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. நடுங்கிய பிளவு வடக்கே நிக்கோபாருக்கு அடியிலேயே ஓடியதால் தீவுகள் தாழ்ந்தன. கடல் ஏறிவருவதற்குப் பலர் ஓடவும் நேரமிருக்கவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,300க்கும் சற்று மேலிருந்த கட்சாலின் மக்கள்தொகை 2011இல் 2,700க்கும் கீழே இறங்கியது. இறந்தோரும் காணாமற்போனோரும் பின்னர் வெளியேறியோரும் அந்த வேறுபாட்டுக்குள் அடங்குவர். தீவில் பெரும்பான்மையினரான நிக்கோபாரிகள் கரையோர ஊர்களையும் தென்னைகளையும் ஒருசேர இழந்தனர். மேட்டுநிலத்தில் நின்ற ரப்பர் மரங்கள் பெரும்பாலும் தப்பின. அவற்றை வெட்டுவோரின் வாழ்வோ மெல்லமெல்ல வேறுவழியில் சரிந்தது. 2002 மே மாதம், சேகர் சிங் ஆணைய அறிக்கையை ஒட்டி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் அந்தமான் காடுகளில் கழகம் மரம் வெட்டுவது நின்றது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு. மர வருவாய் நின்றதால் கழகத்தின் கருவூலம் வறண்டது. அந்த வறட்சி, மரம் வெட்டாத, பால் மட்டுமே வெட்டிய கட்சாலையும் சேர்த்தே தாக்கியது. பதினைந்து ஆண்டுகள் இழுத்தடித்து 2017இல் வந்து நின்றது.

சுனாமிக்குப் பிறகு தீவுக்கு வந்தவற்றுள் பயிற்சிகளும் இருந்தன. நடு நிக்கோபாரில் நீண்டகாலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், நிவாரணம் எவ்வாறு தேவையற்ற பொருட்களைக் கொண்டுவந்து குவித்தது, தென்னையும் பன்றியும் கடலும் சார்ந்த வாழ்முறையைப் பணம் சார்ந்ததாக எவ்வாறு திருப்பியது என்று விரிவாக எழுதியுள்ளார். கொடுப்பவர் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கிறார். பெறுபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது பின்னால்தான் வருகிறது. டிஜிட்டல் பயிற்சியைப் பற்றிய கேள்வியையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேலையற்ற இளைஞருக்குக் கட்டணமின்றித் திறன் கற்பிப்பது இந்திய அரசுக்குப் புதிய எண்ணம் அன்று. 1979இல் தொடங்கிய ஊரக இளைஞர் சுயவேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டம், டிரைசெம் என்று அறியப்பட்டது, 18 முதல் 35 வயது வரையிலான ஏழை இளைஞருக்கு உதவித்தொகையுடன் தொழில் கற்றுக்கொடுத்தது. கருவிப்பெட்டி, வங்கிக் கடன் ஆகியவையும் தொடர வேண்டும் என்று வகுக்கப்பட்டிருந்தது. கருவியும் கடனும் பலருக்கு வந்து சேராததால், பயிற்சி பெற்றோரில் கணிசமானோர் வேலையற்றே இருந்தனர் என்று அரசின் சொந்த மதிப்பீடுகளே கூறின. 1999இல் அது வேறொரு திட்டத்தில் கரைக்கப்பட்டது. இருப்பினும் டிரைசெம் வகுத்தோரின் ஒரு புரிதலைப் பாராட்டத்தான் வேண்டும்: கற்றவருக்குக் கருவி வேண்டும் என்பது ஏட்டளவிலாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் வந்த டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டங்களில் அந்த வரி காணாமற்போனது.

2017இன் திட்டம் இருபது மணிநேரப் பயிற்சி. கணினியையோ கைக்கருவியையோ இயக்குதல், மின்னஞ்சல், இணையத்தில் தேடுதல், அரசுச் சேவைகளைப் பெறுதல், மின்வழிப் பணப் பரிமாற்றம் ஆகியவை பாடங்கள். 14 முதல் 60 வயதுக்குட்பட்டவர் சேரலாம். முடிவில் ஆதார் எண்ணோடு இணைந்த இணையவழித் தேர்வு. 2024 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றதாக அரசு அறிவித்தது. இலக்கையும் விஞ்சிய எண். எழுதப் படிக்கத் தெரிந்தும் திரையைத் தொட அஞ்சிய கோடிக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது முதல் அறிமுகமாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் திட்டத்தின் கட்டமைப்பு எந்த ஊரை மனத்தில் வைத்து வரையப்பட்டது என்பதைக் கட்சாலிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகப் புலப்படும்.

முதலாவது, அலகு. திட்டம் நாட்டின் இரண்டரை இலட்சம் கிராம ஊராட்சிகளை அடிப்படையாகக் கொண்டு, ஊராட்சிக்குச் சராசரியாக 200 முதல் 300 பேர் என்று கணக்கிட்டது. நிக்கோபார் மாவட்டத்தில் கிரேட் நிக்கோபாரின் குடியேற்ற ஊர்கள் நீங்கலாகக் கிராம ஊராட்சி என்ற அமைப்பே கிடையாது. பழங்குடி மன்றங்களே உள்ளன. அம்மன்றங்கள் நிக்கோபாரி ஊர்களுக்கு உரியவை. தோட்டக் குடியிருப்பின் தமிழ் இளைஞர் ஊராட்சிக்குள்ளும் வராதவர், மன்றத்துக்குள்ளும் வராதவர். பொதுச்சேவை மையங்களும் ஊராட்சிக்கு ஒன்று என்ற கணக்கில் வளர்ந்தவையே. அந்தக் கணக்குக்குள் கட்சால் எளிதில் அடங்காது.

அடுத்தது பணத்தின் ஓட்டம். பயிற்சி நிலையத்துக்கான தொகை தேர்ச்சி பெற்றவரின் தலைக்கணக்கில் தரப்பட்டது. நெருக்கமான சமவெளி ஊரில் இது வேகம் கொடுக்கும் ஏற்பாடு. நூற்றெழுபது சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் மூவாயிரத்துக்கும் குறைவானோர் சிதறி வாழும் தீவில், போர்ட் பிளேரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் கப்பலில் வந்து பயிற்சி நடத்துபவருக்கு அதே தொகை என்னவாகும் என்பதைக் கூட்டிப் பார்க்கத் தனிக் கணக்கறிவு தேவையில்லை.

மூன்றாவது, கம்பி. தேர்வு இணையவழியில் நடந்த அந்த ஆண்டுகளில் தீவுகள் அனைத்தும் செயற்கைக்கோள் வழியே கிடைத்த குறுகிய அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழை வடம் போடும் பணிக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது; 2020 ஆகஸ்ட் 10 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. வடம் கரையேறும் இடங்கள்: போர்ட் பிளேர், சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார். நடு நிக்கோபாரின் நிர்வாகமும் கடற்படையும் இருக்கும் கமோர்ட்டாவில் ஏறிய வடம், அதற்கு மேற்கே கடலுக்கு அப்பால் கிடக்கும் கட்சாலில் ஏறவில்லை. பயிற்சித் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. வடம் பக்கத்துத் தீவுக்கு வந்தது 2020இல். எழுத்தறிவு முதலில், எழுதுகோல் பிறகு.

ரப்பர்த் தோட்டத்தில் இந்த வரிசை நேர்மாறாக இருந்தது. முதலில் மரம், பிறகு கத்தி, பிறகு கை, மாத இறுதியில் கூலி. அந்த ஏற்பாட்டில் சுதந்திரம் குறைவு, ஐயமில்லை. ஆனால் ஒரு திறன் எதற்காக என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

மரமும் இல்லாமல், மேலிருந்து வந்த ஆணையும் இல்லாமல் ஒரு டிஜிட்டல் திறன் ஊருக்குள் வேர்பிடித்ததற்கான தமிழ்ச் சான்று புதுச்சேரியில் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் ஆதரவுடன், வில்லியனூரை மையமாக வைத்து ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் அமைந்தது. ஊர் இடம் கொடுக்க வேண்டும், ஊரார் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்களில் பெண்கள் கணிசமானோர். கணினி கற்பிப்பது அங்கே நோக்கமாக இருக்கவில்லை. நெல் விலை என்ன, கால்நடை மருத்துவர் எப்போது வருவார், அரசு உதவிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பவற்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கணினி கற்க நேர்ந்தது. தொலைபேசி இணைப்பு நம்பத்தகாத ஊர்களில் வானொலி அலைவழியே தரவு அனுப்பினார்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட அலை உயரக் கணிப்பைத் தமிழில் மாற்றி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001இல் இம்முயற்சிக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. விருதைவிட முக்கியமான சான்று மூன்றாண்டு கழித்து வந்தது.

கட்சாலைக் கடல் கொண்ட அதே காலையில், அலை புதுச்சேரிக் கரையை அடைய இரண்டு மணிநேரத்துக்கும் மேல் ஆனது. நல்லவாடு என்ற மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணிபுரிந்துவந்தார். முன்பு ஊர்த் தகவல் மையத்தில் தொண்டாற்றியவர் அவர் என்று பதிவாகியிருக்கிறது. நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவைத் திறந்து, அன்றாடம் அலை உயரம் சொல்லிய அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் உயிரிழப்பு இல்லை. எச்சரிக்கைக்கான பயிற்சி எதையும் அவர்கள் பெற்றிருக்கவில்லை. தகவல் வந்தால் யாரிடம் சொல்வது, எந்தக் கருவியில் சொல்வது, சொன்னால் ஊர் நம்புமா என்பன ஆறாண்டுப் பழக்கத்தால் தெளிவாகியிருந்தன. நிக்கோபாருக்கு இப்படியொரு மையம் இருந்திருந்தாலும் அன்றைய பொழுதில் நேரம் போதியிருக்காது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. இரு கரைகளையும் ஒப்பிடுவது எச்சரிக்கையைப் பற்றியதன்று. ஒரு திறன் ஊரின் அன்றாடத்தில் எங்கே அமர்கிறது என்பதைப் பற்றியது.

கேரளத்தின் அட்சயா திட்டமும் இதே பாடத்தை வேறுவகையில் காட்டியது. 2002 நவம்பரில் மலப்புறத்தில் தொடங்கிய அத்திட்டம் குடும்பத்துக்கு ஒருவரைக் கணினிக்கு முன் அமர்த்தியபோது, வளைகுடாவில் கணவரும் மகன்களும் உழைத்த வீடுகளின் பெண்கள் ஆர்வத்துடன் வந்தனர். மறுமுனையில் பேச ஒருவர் இருந்தார். பத்து மணிநேரப் பாடத்துக்கு அதுவே பொருள் கொடுத்தது.

கட்சால் இளைஞருக்கு மறுமுனையில் யார் இருக்கிறார்கள்? கேள்வியை இப்படிக் கேட்டால் விடை வெறுமையாக இல்லை. உறவினர்கள் நீலகிரியிலும் கன்னியாகுமரியிலும் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்கு இலங்கை மலையகத்தில். பட்டயப் படிப்புக்கோ பட்டப் படிப்புக்கோ, அரசு வேலைத் தேர்வுக்கோ தீவு இளைஞர் கப்பலேறிச் செல்லவேண்டிய இடம், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேர். விண்ணப்பம், கட்டணம், தேர்வு அனுமதிச்சீட்டு எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டபோது, இணைப்பில்லாத தீவில் கடைசி நாள் என்பது கப்பல் கால அட்டவணையைச் சார்ந்தது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு நிக்கோபாரி இளைஞருக்கு உண்டு. தோட்டத் தமிழரின் பிள்ளைகளுக்கு அது இல்லை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், கூடலூரிலோ கோத்தகிரியிலோ கல்லூரிக்குப் போகும் டான்டீ தொழிலாளியின் மகளுக்குக் கட்டணமின்றி நிரல் எழுதவும் தரவு ஆயவும் கற்றுக்கொடுக்கும். ஒரே ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேறி வந்த குடும்பத்தின் மற்றொரு கிளை கட்சாலில் இருந்தால், அந்தப் பேத்திக்கு அத்திட்டத்தில் இடமில்லை. அவள் வேறொரு நிர்வாகத்தின் குடிமகள். 1964இல் கொழும்பும் தில்லியும் வரைந்த கோடு, 2022இல் சென்னையின் விண்ணப்பப் படிவத்தில் இப்படித் தொடர்கிறது.

தாயகம் திரும்பியோர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முகாம், நிலம், குடியுரிமை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. திறன் என்ற கோணத்திலிருந்து அணுகினால் வேறு வகை ஆவணங்கள் முன்னுக்கு வரும்: எந்தக் குடும்பத்தை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று மறுவாழ்வுத் துறை எவ்வாறு முடிவுசெய்தது, தேயிலை கிள்ளத் தெரிந்தவருக்கும் ரப்பர் வெட்டத் தெரிந்தவருக்கும் இடையே வேறுபாடு பார்த்ததா, கழகத்தின் கூலிப் பதிவேட்டில் பெண்ணின் வெட்டுக்கும் ஆணின் வெட்டுக்கும் ஒரே மதிப்பா. கழகம் மூடப்பட்ட பிறகு அதன் கோப்புகளைத் திரட்டிப் பாதுகாப்பது அவசரப் பணி; நிக்கோபாரின் ஈரக்காற்றில் தாள் நீண்ட நாள் தாங்காது. வாய்மொழி வரலாறு அதைவிட அவசரமானது. இலங்கையிலேயே கத்தி பிடிக்கக் கற்று, கட்சாலில் முதல் வெட்டு வெட்டியவர்கள் இப்போது எழுபதைக் கடந்தவர்கள். தீவில் ஓர் இளைஞர் கையில் இருக்கும் திறன்பேசியில் ஒலிப்பதிவுச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்க இருபது மணிநேரம் வேண்டியதில்லை. பாட்டியின் முன் அமர ஒரு பிற்பகல் போதும்.